சூரியனைத் தேதி போட்டு வைத்தவர்



ஆண்டு மலர் என்றாலே சர். சி. வி. ராமன், ராமானுஜன், எடிசன் என்று எழுதுவது வழக்கம். அவங்க எல்லாம் பெரியவங்கதான், மறுக்கவில்லை. ஆனா நம்ம பழனி மலைத் தொடரின் உச்சியிலே, கொடைக்கானலில், பதினாறு வருஷம் இருந்து வேலை பார்த்து, உலகத்தில் எங்கே சூரியனைப் பற்றிப் படித்தாலும் தன் பெயர் வரும்படி செய்துவிட்டுப் போன ஒருத்தரை நம்மில் பலருக்குத் தெரியாது. டூர் போனா ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, ஸ்வெட்டர் கடை, ஹோம் மேட் சாக்லேட். அதோடு பஸ் ஏறி விடுகிறோம். அப்சர்வேட்டரி பக்கம் போகிறவர் குறைவு.

அவர் பெயர் ஜான் எவர்ஷெட். கம்ப்யூட்டர் பிரிவுக்காரனுக்கும் சூரிய விஞ்ஞானிக்கும் என்ன சம்பந்தம் என்று சீனியர்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கு. முதலில் அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டம் இல்லாத விஞ்ஞானி

1864 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் கோம்ஷால் என்ற ஊரில் எவர்ஷெட் பிறந்தார். பெரிய பல்கலைக்கழகத்தில் வானியல் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. லண்டனில் ஒரு நிறுவனத்தில் ரசாயனப் பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் உத்தியோகம். நம்ம மொழியில் சொன்னால் லேப் வேலை. ஆனா மனசெல்லாம் சூரியன் மேலே. கிடைத்த நேரத்தில் தானே கருவி கட்டி, தானே பார்த்து, தானே குறித்து வைத்தார். 1890-இல் பிரிட்டிஷ் வானியல் சங்கம் தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் உறுப்பினர்களில் அவரும் ஒருவர். ரான்யார்ட் என்ற மூத்த நண்பர் 1894-இல் காலமானபோது தன்னுடைய 18 அங்குலத் தொலைநோக்கியை எவர்ஷெட்டுக்கே விட்டுச் சென்றார். கருவியை யார் கையில் கொடுத்தால் அது தூங்காது என்று அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது!

1898 ஜனவரியில் முழு சூரிய கிரகணம் இந்தியாவைக் கடந்து போனது. அதைப் பார்க்க எவர்ஷெட் கப்பல் ஏறி வந்தார். தல்னி என்ற ஊரில் முகாம். சில நிமிஷம்தான் கிரகணம். அந்தச் சில நிமிஷத்தில் சூரியனின் விளிம்பு ஒளியைப் பிரித்து அவர் எடுத்த நிறமாலைப் படங்கள் விஞ்ஞானிகளை அவர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தன. பட்டம் இல்லை, பதவி இல்லை, படம் பேசியது.

தாது வருஷப் பஞ்சமும் கொடைக்கானலும்

இங்கே ஒரு கேள்வி வரும். வெள்ளைக்கார சர்க்கார் எதுக்காக இந்த மலை மேலே சூரியனைப் பார்க்கக் கட்டிடம் கட்டியது? பதில் கொஞ்சம் வேதனையானது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை ஆட்டி வைத்த பஞ்சத்தை நம்ம கிராமங்களில் இன்னைக்கும் தாது வருஷப் பஞ்சம் என்கிறார்கள். லட்சக்கணக்கில் சனங்கள் செத்துப் போனார்கள். அதன் பிறகு அமைத்த பஞ்சக் கமிஷன், மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்குமா என்று தினமும் சூரியனைக் கவனிக்க வேண்டும் என்றது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைவது அப்போதே தெரியும். மழைக்கும் அப்படி ஒரு கணக்கு கிடைத்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமே என்ற ஆசை.

சென்னை நுங்கம்பாக்கத்தில் ஏற்கெனவே ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. ஆனா சூரியனைத் தெளிவாய்ப் பார்க்க உயரமான இடமும் சுத்தமான காற்றும் வேணும். மிச்சி ஸ்மித் என்பவர் பழனி மலை, நீலகிரி இரண்டையும் சுற்றிப் பார்த்து ஆராய்ந்தார். கடைசியில் கொடைக்கானல் தேர்வானது. 1895-இல் கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1900-ஐ ஒட்டி வேலை தொடங்கியது. கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,340 மீட்டர் உயரம்.

இப்போ நாம வத்தலக்குண்டு வழியா பஸ்ஸில் பாட்டு கேட்டுக்கொண்டே ஏறுகிறோம். அப்போ அந்தச் சாலை கிடையாது. அடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து குதிரைப் பாதைதான். துரைமார் குதிரையிலும் டோலியிலும் போனார்கள். டோலி தூக்கினவர்கள் யார், மூட்டை முடிச்சு சுமந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம பாட்டன் பூட்டன்மார்தான். அவங்க பெயரை எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது.

மழையைச் சூரியப் புள்ளி வைத்துச் சொல்லிவிட முடியவில்லை என்பதும் உண்மை. எதிர்பார்த்த கணக்கு கிடைக்கவில்லை. ஆனா தினமும் பார்க்கணும் என்று ஆரம்பித்த பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அதுதான் இந்தக் கதையின் உயிர்.

1909 ஜனவரி 5

எவர்ஷெட்டுக்கு 1906-இல் கல்யாணம் ஆனது. மனைவி மேரி ஆர். அவரும் வானியலில் தேர்ந்தவர். இருவரும் அமெரிக்கா வழியாகச் சுற்றி, அங்கே மவுண்ட் வில்சனில் ஹேல் என்ற பெரிய சூரிய விஞ்ஞானியைப் பார்த்துவிட்டு, 1907 ஜனவரியில் கொடைக்கானல் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஸ்பெக்ட்ரோ ஹீலியோகிராஃப் என்ற கருவி காத்திருந்தது. சூரியனை முழு வெளிச்சத்தில் எடுக்காமல், கால்சியம் வெளியிடும் ஒரே ஒரு ஊதா நிற ஒளியில் மட்டும் படம் எடுக்கும் கருவி அது. எவர்ஷெட் அதைச் சீர்செய்து ஒழுங்காக ஓட வைத்தார். பிறகு ஹைட்ரஜன் ஒளியில் படம் எடுக்க இன்னொரு கருவியைத் தானே கட்டினார். லேபில் மெஷின் ஓடலைன்னா உடனே இன்சார்ஜைத் தேடுகிற நாம இதைக் கவனிக்கணும்.

1908-இல் ஹேல் சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். புள்ளிக்குள் வாயு சுழல் காற்று மாதிரி சுற்றுகிறது என்று பலரும் நினைத்தார்கள். எவர்ஷெட் அதைச் சோதித்துப் பார்த்தார். எப்படி? பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் தணிந்து கேட்கும் அல்லவா? ஒளிக்கும் அப்படித்தான். நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு நிறமாலையில் நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். 1909 ஜனவரி 5 அன்று எடுத்த படங்களில் அந்த நகர்வு தெரிந்தது. ஆனா சுழற்சி என்றால் எந்தத் திசையில் தெரியணுமோ அங்கே தெரியவில்லை. வேறு திசையில் தெரிந்தது. புள்ளி சூரிய வட்டின் நடுவில் இருந்தால் நகர்வே இல்லை. விளிம்புக்கு அருகே வந்தால் நகர்வு அதிகம். ஆக, வாயு சுற்றவில்லை. புள்ளியின் ஓரத்தில், சூரியனின் மேற்பரப்பை ஒட்டியே, உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பரவி ஓடுகிறது. வேகம் வினாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில்.

எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறு. கிடைத்ததை அப்படியே எழுதினார். அதைத்தான் இன்று உலகம் எவர்ஷெட் விளைவு என்கிறது. நம்ம மலையில் பிறந்த பெயர்!

1911-இல் அவரே இயக்குநர் ஆனார். 1915-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1918-இல் ராயல் வானியல் சங்கத்தின் தங்கப் பதக்கம். மேரி அம்மையாரும் சும்மா இருக்கவில்லை. கவிஞர் தாந்தே காலத்து வானியலைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். சூரிய விளிம்பில் எழும் தீச்சுவாலைகளைப் பற்றிக் கணவனும் மனைவியும் சேர்ந்து பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். 1923-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய எவர்ஷெட், யூஹர்ஸ்ட் என்ற ஊரில் சொந்தமாக ஆய்வுக்கூடம் கட்டி மறுபடியும் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். 1956 நவம்பர் 17 அன்று, 92 வயதில் மறைந்தார். 2008-இல் நம்ம தபால் துறை எவர்ஷெட் விளைவுக்காகத் தபால்தலை வெளியிட்டது.

அடுக்கி வைத்த கண்ணாடிகள்

இப்போ நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் படம் என்றால் கண்ணாடித் தகடு. ஒரு நாளைக்குச் சில தகடு. எந்த நாள், எத்தனை மணி என்று குறித்து வைக்கவில்லை என்றால் அந்தத் தகடு வெறும் கண்ணாடி. கொடைக்கானலில் வெள்ளை ஒளியில் 1904 முதலும், கால்சியம் ஒளியில் 1907 முதலும், ஹைட்ரஜன் ஒளியில் 1912 முதலும் தினப்படம் எடுத்தார்கள். எவர்ஷெட் போன பிறகும் அது நிற்கவில்லை. ஒரே குடும்பத்தில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை அங்கே சூரியனைப் பார்த்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் எடுத்த சூரியப் படங்கள் உலகத்தில் அபூர்வம். இப்போது அந்த ஆய்வுக்கூடம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. பழைய தகடுகளைக் கேமரா வைத்துப் படமெடுத்துக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றிவிட்டார்கள்.

இந்த மாதிரி படங்கள் நம்ம கைக்கு வந்தால் எப்படி வைப்போம்? 1909 என்று ஒரு ஃபோல்டர். அதுக்குள்ளே 01. அதுக்குள்ளே 05. அதுக்குள்ளே படங்கள். மனுஷன் தேடுவதற்கு இது வசதி. ஆனா எல்லாப் படத்தையும் வரிசையாக ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கிற புரோகிராமுக்கு, எல்லாம் ஒரே ஃபோல்டரில் தட்டையாக இருந்தால் சௌகரியம். அடுக்குப் பாத்திரத்தைப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் வைப்பது போல.

இதுக்கு எழுதுகிற ஸ்கிரிப்ட் ரொம்பச் சின்னது. ஒரு ஃபங்ஷன். அது ஒரு ஃபோல்டரைத் திறக்கும். உள்ளே இருப்பது ஃபைல் என்றால் தாம்பாளத்துக்குக் காப்பி செய்யும். உள்ளே இன்னொரு ஃபோல்டர் என்றால் தன்னையே மறுபடி கூப்பிட்டு அந்த ஃபோல்டரைக் கொடுக்கும். இதுதான் ரிகர்ஷன். ஃபோல்டர் தீர்ந்ததும் தானாகவே ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்துவிடும். கிணற்றில் இறங்கினவன் அதே படியில் ஏறி வருகிற மாதிரி. பத்துப் பதினைந்து வரியில் முடிந்துவிடும். பைத்தானில் இதுக்கென்றே தயார் ஃபங்ஷனும் இருக்கு.

ஆனா இதில் ஒரு குழி இருக்கிறது தோழர்களே. ஒவ்வொரு நாள் ஃபோல்டரிலும் படத்துக்கு படம்1, படம்2 என்றே பெயர் இருக்கிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு 300 நாள், நாளுக்கு ஒரு படம் என்றாலும் நூறு வருஷத்துக்கு 30,000 படம். எல்லாவற்றுக்கும் பெயர் படம்1. தாம்பாளத்துக்குக் கொண்டு வந்தால் ஒன்றின் மேல் ஒன்று எழுதி, கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு படம்! ஸ்கிரிப்ட் எர்ரர் ஒன்றும் காட்டாமல் சமர்த்தாக முடிந்துவிடும். மூலப் படங்கள் அங்கேயே இருந்தால் தப்பித்தோம். காப்பிக்குப் பதில் மூவ் என்று எழுதியிருந்தால் நூறு வருஷ உழைப்பு போச்சு.

ஏன் இப்படி? ஃபோல்டருக்குள் இருக்கும்வரை அந்தப் படத்தின் தேதி ஃபோல்டரின் பெயரில் இருந்தது. படத்திடம் இல்லை. வெளியே எடுத்ததும் அது அநாதை.

தீர்வு நமக்குத் தெரிந்ததுதான். நம்ம கிளாஸில் மூணு கார்த்திக் இருக்கான். அட்டெண்டன்ஸில் எப்படிப் பிரிக்கிறோம்? இனிஷியல். அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஊர் பெயர், அப்பா பெயர், தன் பெயர் என்று மூன்றையும் சேர்த்து வைத்தார்கள். ஊரை விட்டு வெளியே போனாலும் இவன் எந்த ஊர், யார் பிள்ளை என்று பெயரே சொல்லிவிடும். ஃபைலுக்கும் அதையே செய்யணும். காப்பி செய்யும்போது வழியில் வந்த ஃபோல்டர் பெயர்களை முன்னால் சேர்த்து 1909_01_05_படம்1 என்று பெயர் வைத்தால் யாரும் யார் மேலும் விழ மாட்டார்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள். மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கமாகவே எழுதணும். நடுவில் கோடும் போடணும். இல்லைன்னா ஜனவரி 11-ம் நவம்பர் 1-ம் 1909111 என்று ஒன்றாகிவிடும். வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் வைத்தால் பெயர்வரிசையே காலவரிசை ஆகிவிடும். தாம்பாள ஃபோல்டரை மூல ஃபோல்டருக்குள்ளேயே வைக்கக் கூடாது, வைத்தால் ஸ்கிரிப்ட் தான் காப்பி செய்ததையே திரும்பவும் காப்பி செய்யப் பார்க்கும். அதே பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் மேலே எழுதாமல் நின்று கேட்கும்படி எழுதணும். கடைசியாக, மூலத்தில் எத்தனை ஃபைல், தாம்பாளத்தில் எத்தனை ஃபைல் என்று எண்ணிப் பார்க்கணும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் வேலை முடிந்தது. அதுவரை மூலத்தில் கை வைக்காதீங்க.

இதெல்லாம் வெறும் லேப் பேச்சு இல்லை. கொடைக்கானல் படங்களிலேயே சிலவற்றில் தேதி, நேரம் அல்லது படம் நிற்கும் திசை பிசகியிருப்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் கண்டார்கள். வேறு ஆய்வுக்கூடங்களின் படங்களோடு ஒப்பிட்டுத்தான் திருத்த முடிந்தது. அத்தனை பேர் அத்தனை கவனமாகச் செய்த இடத்திலேயே அப்படி என்றால் நாம எத்தனை ஜாக்கிரதையாக இருக்கணும்!

தேதி இல்லாதவர்கள்

எங்க வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல். எங்க தாத்தா எப்போ பிறந்தார் என்று கேட்டால், பெரிய மழை பெய்து கண்மாய் உடைந்த வருஷம் என்பார். அது எந்த வருஷம் என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ரேஷன் கார்டில் ஒரு வயது, ஓட்டு அட்டையில் வேறு வயது. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டபோது வயசுக்கு ஆதாரம் கேட்டு எத்தனையோ தடவை அலைய வைத்தார்கள். அவர் எழுபது வருஷம் வெயிலில் நின்றது நிஜம். குறித்து வைக்க ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். மலைப்பாதையில் டோலி தூக்கினவர்களுக்கும் அதே கதைதான்.

அதனால்தான் எவர்ஷெட்டின் கண்டுபிடிப்பை விட அந்தத் தகட்டில் எழுதிய தேதி எனக்குப் பெரிதாகப் படுகிறது. சூரியனுக்கு அவர் செய்ததை நம்ம ஆட்களுக்கு யாரும் செய்யவில்லை. இப்போ நமக்கு எழுதத் தெரியும், கம்ப்யூட்டரும் தெரியும். படிப்பு முடித்து நாளைக்கு நம்மில் ஒருத்தன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் ரெக்கார்டைப் பார்ப்பான். ஒருத்தி தாலுகா ஆபீஸில் பட்டா ஃபைல்களை ஸ்கேன் செய்வாள். ஃபோல்டரைத் தட்டையாக்கு என்று மேலதிகாரி சாதாரணமாகச் சொல்வார். அந்த ஒரு என்டர் தட்டும்போது நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே படம்1 என்று கிடப்பது யாரோ ஒரு தாத்தாவின் வயசாக இருக்கலாம், யாரோ ஒரு அம்மாவின் அரைக்காணி நிலமாக இருக்கலாம். பெயரோடு ஊரையும் தேதியையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் விடாதீர்கள்.

பட்டம் இல்லாத ஒரு லேப் ஆள் நம்ம மலை மேலே வந்து உலகப் பெயர் வாங்கினார். டிப்ளமோதானே என்று யாராவது சொன்னால் ஜான் எவர்ஷெட்டின் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த தடவை கொடைக்கானல் போனால் அப்சர்வேட்டரிக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

வாழ்க மாணவர் ஒற்றுமை! வளர்க நம் பயிலகம்!

– இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு